பினாங்கு டு பங்கோர்: ஃபெரி, பஸ், மறுபடி ஃபெரி. அம்மாவோட ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா?

கேள்வி: 8 ஜனவரி 2024, ரெலாவ்ல இருந்து ஒரு தங்கச்சி

அண்ணே, எங்கம்மாவுக்கு பங்கோர் தீவுக்கு போகணுமாம். எங்ககிட்ட கார் இல்ல, மாமா பையன் ஓட்டிட்டு போறேன்னு சொல்றான், ஆனா அம்மா கப்பல் ஏறித்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, அதுவும் முட்டி வலிய வச்சுக்கிட்டு. இங்க ஃபெரி ஏறி, அக்கரையில பாகான்ல, அதான் பட்டர்வொர்த்ல, பஸ் புடிச்சு, லூமூட்ல மறுபடி ஃபெரி ஏறி, ராத்திரிக்குள்ள வீடு திரும்ப முடியுமா? வழியில பாக்க எதாச்சும் இருக்கா, இல்ல வெறும் ஹைவேதானா?

8 ஜனவரி, ராத்திரி 10.40

முடியும் தங்கச்சி. நாங்க சின்ன பிள்ளையில போயிருக்கோம். காலையில ஏழு மணிக்கு ஜெட்டியில ஃபெரி ஏறுங்க, பத்துக்கெல்லாம் லூமூட், பதினொண்ணுக்கு பங்கோர். வழி முழுக்க கடலோரமாவே போகும், அம்மாவ ஜன்னல் பக்கம் உக்கார வைங்க. பினாங்கு பாலத்து வழியா மட்டும் போகாதீங்க, அம்மா சொல்றதுதான் சரி.

9 ஜனவரி

நேத்து எழுதினதுல ரெண்டு தப்பு. லாரி ஓட்டுற என் மச்சான்கிட்ட கேட்டேன், அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

ஒண்ணு, பஸ் கடலோரமா போகவே போகாது. பாகான விட்டு கிளம்பினதும் ஹைவே ஏறி ஜூரு, ஜாவி, அலோர் பொங்சு, புக்கிட் மேரா, தைப்பிங்னு உள்நாட்டுலயே போயி, சங்காட் ஜெரிங்ல ஹைவேய விட்டு இறங்கி, அப்புறம் சின்ன ரோட்டுல செம்பன (பாமாயில் மரம்) தோட்டத்துக்கு நடுவுல சித்தியவான், அதுக்கப்புறம்தான் லூமூட். பட்டர்வொர்த்ல கண்ண விட்டுப் போற கடல் லூமூட்ல இறங்குறப்பதான் திரும்ப தெரியும். எனக்கு கடலோரமா போன ஞாபகம் இருக்கே அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, ஒருவேளை ரெண்டு பக்கமும் கடல் இருந்ததால நடுவுலயும் கடல்தான்னு மனசு நெரப்பிக்கிச்சு போல.

ரெண்டு, பஸ் டிக்கெட் வாங்குறப்ப எங்கேருந்து ஏறப்போறீங்கன்னு பாத்து வாங்குங்க. சுங்கை நீபோங்ல இருந்தும் பஸ் இருக்கு, உங்களுக்கு ரெலாவ்ல இருந்து அது கிட்டக்கதான், ஆனா அது பாலத்து மேல ஏறிப் போயிடும், அம்மா கேட்ட கப்பல் கிடைக்காது. பாகான் பக்கம் இருக்கிற பினாங்கு சென்ட்ரல்னு போட்ட டிக்கெட்டா வாங்குங்க. 2018 கடைசியில திறந்தது, ஃபெரி, ரயில், பஸ் எல்லாம் ஒரே எடத்துல. ஃபெரி எறங்கி நடந்தே போயிடலாம். நடை கொஞ்சம் அதிகம், முட்டி வலிக்கு அரை மணி நேரம் கூடவே ஒதுக்கி வைங்க.

9 ஜனவரி, அப்புறமா

ஃபெரிக்கு டச் அண்ட் கோ கார்டு மறக்காதீங்க. முந்தி மாதிரி சில்லறை எண்ணிப் போடுற கதையெல்லாம் முடிஞ்சுது.

14 ஜனவரி, போகி

ஒருத்தர் கேட்டிருந்தாரு, இப்ப இருக்கிற ஃபெரி என்ன ஃபெரி, பழசு எங்க, அதுல போயி என்னத்த ரசிக்கிறதுன்னு. இதுக்கு நான் நிதானமாவே பதில் சொல்லணும், ஏன்னா எனக்கும் அந்த வலி இருக்கு.

பழைய ரெண்டு தட்டு ஃபெரி 2020 டிசம்பர் 31-ஓட நின்னுச்சு. கோவிட் நேரம். புலாவ் ரீமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான், புலாவ் பங்கோர்னு தீவுங்க பேரா வச்சிருந்தாங்க, அதுல ஏறினா கார் ஒரு தட்டு, ஆளுங்க ஒரு தட்டு, நாலு பக்கமும் தெறந்து கிடக்கும், மழையடிச்சா பெஞ்சு நனையும். காசு பாகான் பக்கம் மட்டும்தான் வாங்குவாங்க, தீவுல இருந்து போறப்ப சும்மா போலாம். எங்கப்பா அக்கரையில பிறைங்கிற ஊர்ல வேல பாத்தாரு, சாயந்திரம் அவர கூப்புட அம்மா என்னைய தூக்கிக்கிட்டு ஜெட்டிக்கு வருவாங்களாம். 1985-ல பாலம் தெறந்தப்புறமும் எங்கப்பா பாலத்துல போனதே இல்ல.

1988 ஜூலை 31 மட்டும் எங்க வீட்ல யாரும் பேச மாட்டாங்க. பட்டர்வொர்த் ஜெட்டி இடிஞ்சு விழுந்து 32 பேரு செத்தாங்க, காயம்பட்டவங்க 1,634 பேரு. அன்னைக்கு புக்கிட் மெர்த்தாஜாம் சென்ட் ஆன் மாதா கோயில் திருவிழா, சீனவங்களுக்கும் குவான் யின் விசேசம், அவ்ளோ கூட்டம். அப்பா அன்னைக்கு லீவு. அதுக்கு மேல எழுத எனக்கு வரல.

புது ஃபெரிக்கு வரேன். 2023 ஆகஸ்ட் 7-ல இருந்து ஓடுது. நாலு இருக்கு: தெலுக் பாஹாங், தெலுக் டூயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார். ஒண்ணுல 250 பேரு, 50 மோட்டார். கார் கிடையாது. பழச மாதிரி ஆடி அசைஞ்சு வராது, வேகமா போயிடும். நானும் முதல்ல ஏற மாட்டேன்னுதான் இருந்தேன். ஒரு நாள் வேல முடிஞ்சு ஏறினேன், கயிற வீசி கட்டினாங்க, எஞ்சின் ஒரு உறுமு உறுமுச்சு, டீசலும் உப்புத் தண்ணியும் கலந்த அந்த வாடை மூக்குல ஏறுச்சு பாருங்க, கப்பல் மாறினாலும் கடல் அதேதான். தெலுக் பாஹாங்னு பேரு பாத்ததும் நம்ம சிங்கமுக காளியம்மன் தெப்பத் திருவிழாதான் ஞாபகம் வரும், மாசி மகத்துக்கு அம்மன் கடல்ல போற ஊரு அது. அம்மாவ தைரியமா கூட்டிட்டுப் போங்க.

16 ஜனவரி

இதையெல்லாம் நான் டைப் பண்றத எங்கம்மா பின்னால நின்னு பாத்துட்டாங்க. படிச்சுக் காட்டினேன். "அந்தப் பொண்ணோட அம்மா மட்டும்தான் பங்கோர் பாக்கணுமா?"ன்னு ஒரு கேள்வி. தைப்பூசம் முடிஞ்ச சனிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன். தங்கச்சி, நீங்க போறதுக்கு முன்னாடி நாங்க போயி பாத்துட்டு வந்து சொல்றோம்.

28 ஜனவரி, ராத்திரி, வீட்ல

போயிட்டு வந்தாச்சு. மொத வேலையா சொல்லிடறேன்: ஒரே நாள்ல போயி வர்றது வேணாம். நான் சொன்னது தப்பு. ஒரு ராத்திரி தங்குங்க. ஏன்னு சொல்றேன்.

நேத்து காலையில ஜெலுத்தோங்ல இருந்து ரெப்பிட் பஸ் புடிச்சு ஜெட்டி வந்தோம். தைப்பூசம் வியாழக்கிழமைதான முடிஞ்சுது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்த வெளியூர் ஆளுங்க ஊர் திரும்புறாங்க, ஃபெரி முழுக்க மொட்டத்தல. ஒரு சின்னப் பையன் தல முழுக்க சந்தனம், காஞ்சு வெடிச்சுப் போயி துண்டு துண்டா உதிருது, அவன் அத பொறுக்கி உள்ளங்கையில சேத்து வச்சுக்கிட்டு அவங்கம்மாகிட்ட பத்திரமா குடுக்கிறான்.

எங்கம்மாவுக்கு எழுவது வயசு. நானும் வழக்கம் போல ஊரப் பாத்து நின்னேன், கொம்தார் கோபுரம் தெரியுது, அந்தாண்ட மணிக்கூண்டு, விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து அறுபது வருசம் ஆனதுக்கு அறுபது அடியில கட்டினது, பக்கத்துல சீனவங்க ஜெட்டி வீடுங்க கம்பு மேல நிக்குது. அம்மா அந்தப் பக்கமே திரும்பல. தெக்க பாத்தாங்க, பாலத்துக்கு அந்தாண்ட. என்னம்மா பாக்குறீங்கன்னேன். "ஜெராஜாக்"ன்னாங்க.

எங்க தாத்தா 1937-ல நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தாரு, அடுத்த வருசமே தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புறத இந்தியா நிறுத்திருச்சு. வந்தவங்கள நேரா ஊருக்குள்ள விட மாட்டாங்க, ஜெராஜாக் தீவுல எறக்கி நோய் நொடி பாத்து, துணியெல்லாம் மருந்துத் தண்ணியில முக்கி எடுத்து, நாள் கணக்கா வச்சிருந்துதான் விடுவாங்க. அப்புறம் அவரு போன எடம் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அதாவது தீவுல எறங்கி, அக்கரைக்குப் போயி, பேரா மாநிலத்துக்குப் போனாரு. நாங்க அன்னைக்கு போன வழி கிட்டத்தட்ட அதுதான். இத்தன வருசத்துல இத நான் யோசிச்சதே இல்ல. டிக்கெட் போட்டப்பவும் யோசிக்கல. அம்மா யோசிச்சிருக்காங்க.

பஸ் கதை. ஒம்பதரை பஸ் பத்தே காலுக்கு வந்துச்சு, கம்பெனி பேரு வேணாம். டிக்கெட்ல மூணு மணி நேரம்னு போட்டிருந்தான். ஏர்கான் தண்ணி அம்மா தோள்ல சொட்டிக்கிட்டே வந்துச்சு, டிரைவர்கிட்ட சொன்னா பேப்பர சுருட்டி அடைச்சுட்டுப் போயிட்டாரு. காமுந்திங்ல பத்து நிமிசம் நிறுத்தினாரு, கழிவறைக்கு அதுதான் வாய்ப்பு, விட்டுடாதீங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போனா இதுதான் முக்கியமான விசயம், கடல் மலையெல்லாம் அப்புறம்தான்.

எங்க உக்காரணும்? போறப்ப இடது பக்கம் உக்காருங்க. காலை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும், ஆனா தைப்பிங் கிட்ட புக்கிட் லாருட் மலை அந்தப் பக்கம்தான் எழும்பி நிக்கும், மேகம் பாதி மலைய மூடிக்கிட்டு. ஊரே மழைக்குப் பேர் போன ஊரு. வெயிலுக்குப் பயந்து வலது பக்கம் உக்காந்தா மலைய விட்டுடுவீங்க. மூணு சீட் வரிசை பஸ்ஸா இருந்தா தனி சீட் ஒண்ணு அம்மாவுக்கு, பின்னாடி சீட் உங்களுக்கு.

சங்காட் ஜெரிங் தாண்டினதும் எனக்கு தூக்கம். எல்லாம் ஒரே செம்பன, பாத்துப் பாத்து கண்ணு அசந்துருச்சு. ஆயர் தாவார்னு போர்டு வந்ததும் அம்மா என்னைய தட்டி எழுப்பினாங்க. பேசல, விரல மட்டும் காட்டினாங்க. நான் பாத்தா செம்பனதான் தெரியுது. "இது பூரா பால் மரம்"ன்னாங்க, ரப்பர் மரத்த அப்படித்தான் சொல்வாங்க. இருந்துச்சுன்னு சொல்லல, இப்ப இருக்கிற மாதிரியே சொன்னாங்க. பதினாறு வயசுல பால் வெட்டுற கத்தி புடிச்சவங்க, கல்யாணம் ஆகி பட்டர்வொர்த் வர்ற வரைக்கும் அஞ்சரைக்கெல்லாம் வரிசையில நின்னவங்க. கை தானா பட்டைய சீவுற மாதிரி சாய்ஞ்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு, முன் சீட்டு முதுகுல. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

சித்தியவான் வந்ததும் டிரைவர், லூமூட் வரைக்கும் போகல, இங்கயே எறங்கிக்கங்கன்னுட்டாரு. டிக்கெட்ல லூமூட்னுதான் இருந்துச்சு. எங்களோட இன்னும் ஆறு பேரு. எனக்கு கோவம் வந்துச்சு, நியாயமான கோவம், முட்டி வலியோட நிக்கிற அம்மாவ வெயில்ல விட்டுட்டுப் போறது தப்பு, அத அவருகிட்டயே சொன்னேன். பணம் திரும்ப கேட்டு எழுதியிருக்கேன். ரெண்டு குடும்பம் சேந்து ஒரு கிராப் வாடகைக் கார் புடிச்சோம்.

லூமூட்ல ஃபெரி ஏறுறப்ப மணி ரெண்டரை. இப்ப சொல்லுங்க, மூணு மணிக்கு மேல தீவுல கால வச்சுட்டு எங்க ராத்திரிக்குள்ள வீடு திரும்புறது?

29 ஜனவரி

நேத்து தூக்கத்துல பாதியில நிறுத்திட்டேன்.

லூமூட்ல பஸ் ஸ்டேசனும் ஜெட்டியும் கிட்டக்கிட்ட, அது ஒரு நிம்மதி. போக வர சேத்தே டிக்கெட் குடுப்பாங்க, அந்தச் சீட்ட தொலைச்சிடாதீங்க. கடைசி ஃபெரி எத்தன மணிக்குன்னு கவுண்டர்லயே கேட்டு வச்சுக்கங்க.

இந்தப் பயணத்துலயே அழகு அந்த அரை மணி நேரம்தான். ஆத்து வாய விட்டு வெளிய வர்றப்ப கடற்படைக் கப்பலுங்க சாம்பல் நிறத்துல நிக்குது, அப்புறம் மீன்பிடி படகு, அப்புறம் பச்ச மலை தண்ணிக்குள்ள இருந்து எழும்புற மாதிரி பங்கோர். எங்க ஃபெரி மொதல்ல சுங்கை பினாங் கெச்சில்ல நின்னுச்சு, எல்லாரும் எழுந்திரிச்சதப் பாத்து நாங்களும் எழுந்துட்டோம், டவுனுக்கு அடுத்த நிறுத்தம். எறங்குறப்ப தண்ணி வத்தியிருந்தா படகுக்கும் ஜெட்டிக்கும் உயரம் கூடுது. ஃபெரிக்காரப் பையன் அம்மா ரெண்டு கையையும் புடிச்சு, "பெலான் பெலான், மக்சிக்"ன்னு, மெதுவா மெதுவா அத்தைன்னு மலாய்ல சொல்லி, எறக்கி விட்டான். நல்லா இருக்கட்டும்.

ஜெட்டி வாசல்ல ரோஸ் கலர் வேன் நிக்கும், அதுதான் அங்க டாக்சி. மொதல்ல பத்ரகாளியம்மன் கோயில், கடலப் பாத்த மாதிரி இருக்கிறது. அம்மா சின்ன வயசுல தோட்டத்து லாரியில கூட்டமா வந்து படகு ஏறி மாசி மகம் பாத்த கோயில். அம்மா உள்ள போனதும் நான் வெளிய படியில உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு வெளிய வர. நான் கூப்பிடல.

ராத்திரி தெலுக் நீப்பால தங்கினோம். சாயந்திரம் இருவாச்சி பறவைங்க மரத்துலேர்ந்து எறங்கி கம்பி மேல வந்து உக்காருது, அலகு மேல கொம்பு வச்ச மாதிரி. அம்மா பத்து நிமிசம் வாயத் தெறந்து பாத்தாங்க.

காலையில டச்சுக் கோட்டை. 1670-ல டச்சுக்காரன் ஈயத்துக்காகக் கட்டினான், இருவது வருசத்துல ஊர்க்காரங்க அடிச்சு ஒடைச்சாங்க. இப்ப செங்கல் சுவருதான், கூரை கிடையாது. பத்து நிமிசத்துல பாத்துடலாம்.

3 பிப்ரவரி

ஒருத்தர் எழுதியிருக்காரு: பாலத்துல ஏறி கார்ல போனா ரெண்டரை மணி நேரம், இதுக்கு எதுக்கு ரெண்டு கப்பலும் ஓட்ட பஸ்ஸும், வயசானவங்கள அலைக்கழிக்கிறீங்கன்னு.

அண்ணே, நீங்க சொல்ற அலைச்சல் உண்மைதான். மறைக்கல. ஆனா கார்ல போயிருந்தா எங்கம்மா பின் சீட்டுல தூங்கியிருப்பாங்க, நான் ரோட்டப் பாத்திருப்பேன். ஜெராஜாக்க அவங்க காட்டியிருக்க மாட்டாங்க. போர்டு வேகமா போயிருக்கும். அது மட்டுமில்ல, கார் வச்சிருக்கிறவங்க மட்டும்தான் தீவு பாக்கணுமா? நம்ம சனத்துல எத்தன அம்மாமாரு பிள்ளைங்க லீவு போடுற வரைக்கும் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. பஸ்ஸும் ஃபெரியும் அவங்களுக்குத்தான் இருக்கு. அத அவங்களுக்கு சொல்லிக் குடுக்கணும்னுதான் எழுதுறேன்.

இன்னொருத்தர் லங்காவி கேட்டாரு. பாகான்ல இருந்து பஸ்ல அலோர் ஸ்டார், அப்புறம் குவாலா கெடா, அங்கேருந்து ஃபெரி. கடல்ல ஒண்ணே முக்கா மணி நேரம் மூடின கேபின்ல உக்காரணும், வாந்தி வர்றவங்களுக்கு ஆகாது. மொத தடவைக்கு பங்கோர்தான் நல்லது.

4 பிப்ரவரி

ஒரு சின்ன விசயம், எனக்கு ரொம்பப் புடிச்சது. லூமூட், பங்கோர் எல்லாம் ஒரு காலத்துல பேராவ சேந்ததே இல்ல. 1874 ஜனவரி 20-ல வெள்ளக்காரனும் பேராவோட மலாய்த் தலைவருங்களும் பங்கோர் ஒப்பந்தம் போட்டாங்களே, பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அத தரையில போடல, புளூட்டோங்கிற கப்பல்ல வச்சுத்தான் போட்டாங்க. அதுக்கப்புறம் டிண்டிங்ஸ்னு பேரு வச்சு வெள்ளக்காரன் பினாங்கு மாதிரியே ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்ல, அதாவது அவன் நேரடியா ஆண்ட பகுதிங்கள்ல, சேத்துக்கிட்டான், 1935-லதான் பேராவுக்கு திரும்பக் குடுத்தான். அதாவது எங்க தாத்தா வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்ன வரைக்கும் ரெண்டு தீவும் ஒரே கணக்குப் புத்தகத்துல இருந்துச்சு.

19 பிப்ரவரி

தங்கச்சி மாசி மகத்துக்கே போறாங்களாம், வர்ற சனிக்கிழமை 24. நான் வேணாம்னுதான் சொன்னேன், அன்னைக்கு லூமூட் ஜெட்டியில நிக்க எடம் இருக்காது, காவடி, பால்குடம், மேளம், கைக்குழந்தையெல்லாம் ஒரே படகுல. அவங்கம்மா கேக்கலையாம். அப்ப வெள்ளிக்கிழமையே போயிடுங்க, ரூம் இப்பவே போடுங்க, மடக்கு நாற்காலி ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க.

25 பிப்ரவரி

எங்கம்மாவும் கேக்கல. மறுபடியும் போனோம்.

இந்த தடவ வேற கம்பெனி பஸ், நேரத்துக்கு வந்துச்சு, லூமூட் வரைக்கும் போச்சு, மூணே கால் மணி நேரம். ஆக எல்லா பஸ்ஸும் அப்படி இல்ல, 28-ம் தேதி எழுதினத வச்சு யாரும் பயப்படாதீங்க.

பங்கோர்ல தங்கச்சியையும் அவங்கம்மாவையும் பாத்தோம். ரெண்டு அம்மாவும் அஞ்சு நிமிசத்துல தோட்டம் விசாரிச்சுட்டாங்க, பத்தாவது நிமிசத்துல மண்டோர், அதான் தோட்டத்து மேஸ்திரி, பேரு வரைக்கும் போயிட்டாங்க. நானும் தங்கச்சியும் மடக்கு நாற்காலிய தூக்கிட்டு பின்னாடியே நடந்தோம். கடற்கரையிலேர்ந்து கோயில் வரைக்கும் பால்குடம் வரிசை, மஞ்சத் துணி, தார் ரோடு நனைஞ்சு மினுங்குது. தண்ணியத் தெளிச்சுக்கிட்டே ஒரு சீனப் பாட்டி வாசல்ல நின்னு நடக்கிறவங்க பாதத்துல ஊத்திக்கிட்டிருந்தாங்க, யாரும் கேட்டு அவங்க வந்து நிக்கல, தானாவே வந்தவங்க.

2 மார்ச்

கடைசியா நெத்திலி பத்தி, நாலு பேரு கேட்டுட்டாங்க. பங்கோர் நெத்திலிய புடிச்ச உடனே உப்புத் தண்ணியில வேக வச்சு தட்டுல காய வைக்கிறாங்க, அதனாலதான் வெள்ளையா மொறு மொறுன்னு இருக்கு. அம்மா கையில எடுத்து ஒடிச்சுப் பாத்தாங்க, டக்குன்னு ஒடிஞ்சா வாங்கலாம், வளைஞ்சா வேணாம். பஸ்ல வாடை வரும்னு கேட்டீங்க, ஆமா வரும். மூணு பிளாஸ்டிக் பையில கட்டி, பழைய துண்டுல சுத்தி, கீழ சாமான் வைக்கிற எடத்துல போட்டுடுங்க. திரும்பி வர்றப்ப வலது பக்கம் உக்காருங்க, மலை இப்ப அந்தப் பக்கம்தான் வரும்.